அல்-அக்ஸா: உள்ளே யார் போகலாம் என்பதை யார் முடிவு செய்வது?

2017 ஜூலை 14 அன்று ஜெருசலேம் பழைய நகரில், அல்-அக்ஸா வளாகத்துக்குள்ளிருந்து வந்த மூன்று பேர் வாசலில் நின்ற இரண்டு இஸ்ரேல் போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றார்கள். திரும்பி ஓடிய மூன்று பேரையும் வளாகத்துக்குள்ளேயே போலீஸ் சுட்டுக் கொன்றது. இரண்டே நாளில் வாசல்களில் மெட்டல் டிடெக்டர் வந்து நின்றது. கொலை நடந்திருக்கிறது, சோதனை போடுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்றுதான் தூரத்தில் இருப்பவருக்குத் தோன்றும். ஆனால் முஸ்லிம்கள் அந்த வாசல் வழியாக உள்ளே போகவே மாட்டோம் என்று தெருவில் பாய் விரித்துத் தொழுதார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம், நாளுக்கு நாள் கூட்டம் பெருத்தது, உயிர்களும் போயின. ஜூலை 25 அதிகாலையில் இஸ்ரேல் டிடெக்டர்களைக் கழற்றியது, அப்போதும் போகவில்லை. அதோடு வைத்த கம்பித் தடுப்பு, கேமரா மாட்ட நிறுத்திய இரும்புச் சட்டகம் எல்லாம் போன பிறகுதான் 27-ஆம் தேதி உள்ளே நுழைந்தார்கள்.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் இருக்கிறது, விமான நிலையத்தில் இருக்கிறது, அதே ஜெருசலேமில் பக்கத்திலேயே கீழே மேற்குச் சுவருக்குப் போகும் யூதர்களும் மெட்டல் டிடெக்டரைத் தாண்டித்தான் போகிறார்கள். அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன் இவ்வளவு ரகளை? பிரச்சினை அந்த மெஷின் அல்ல, அதை வைத்தது யார், யாரைக் கேட்டு வைத்தார்கள் என்பதுதான். இந்த இடத்தைப் பற்றிய சண்டைகள் நூறு வருடமாக நாற்காலி, திரை, கேமரா, மரப்பாலம், பூட்டு என்று சின்னச் சின்னப் பொருள்களைச் சுற்றியே நடக்கின்றன. பங்கு பிரியாத வீட்டில் ஒரு பங்காளி சுவரில் ஆணி அடித்தால் மற்றவர்கள் ஏன் கத்துகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆணியை இன்று விட்டால் நாளைக்கு அதையே காட்டி அனுபோக பாத்தியம் பேசுவார்கள்.

முதலில் இடம். பழைய நகரின் தென்கிழக்கு மூலையில் சுமார் 35 ஏக்கர் மேடை. ஏரோது மன்னன் காலத்தில் மலை உச்சியைச் சுற்றிப் பெரிய கற்களால் தாங்குசுவர் எழுப்பி விரித்த மேடை அது. யூதர்களுக்கு இது கோயில் மலை. சாலொமோன் கட்டிய ஆலயம் இங்கே இருந்து பாபிலோனியரால் கி.மு. 586-ல் இடிந்தது, திரும்பக் கட்டிய இரண்டாம் ஆலயத்தை கி.பி. 70-ல் ரோமப் படை இடித்தது. முஸ்லிம்களுக்கு இது ஹரம் அல்-ஷரீஃப், நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் பைத்துல் முகத்தஸ் என்று சொல்லும் இடம். முதல் கிப்லா (தொழும்போது முகம் திருப்பும் திசை), நபிகள் நாயகம் மிஃராஜ் என்னும் விண்ணேற்றம் சென்ற இடம். கி.பி. 691-692-ல் கலீஃபா அப்துல் மலிக் கட்டிய தங்கக் குவிமாடம் நடுவில், தெற்கு ஓரத்தில் தொழுகைப் பள்ளி. முஸ்லிம்கள் அல்-அக்ஸா என்று சொல்வது அந்தப் பள்ளியை மட்டுமல்ல, 35 ஏக்கரையும்தான். மேற்குப் பக்கத் தாங்குசுவரின் ஒரு துண்டுதான் யூதர்கள் நின்று வேண்டும் மேற்குச் சுவர். முஸ்லிம்களுக்கு அதே சுவர், அந்தப் பயணத்தில் நபியைச் சுமந்த புராக் என்னும் வாகனம் கட்டப்பட்டிருந்த சுவர்.

ஆக ஒருவருக்கு மேலே, இன்னொருவருக்குக் கீழே என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. இருவருக்கும் இரண்டுமே வேண்டும்.

இன்றைக்கு எல்லாரும் வாய்க்கு வாய் சொல்கிற 'ஸ்டேட்டஸ் கோ' இந்த மலைக்காக உருவானதே அல்ல. அது கிறிஸ்தவர்களுக்குள் நடந்த அடிதடிக்குப் போட்ட கட்டு. இயேசுவின் கல்லறை என்று நம்பப்படும் திருக்கல்லறைக் கோயிலில் எந்தச் சபைக்கு எந்தத் தூண், எந்த விளக்கு, எந்த நேரத்தில் பூசை என்று கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் எல்லாம் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டிருக்க, உதுமானிய சுல்தான்கள் 1757-லும் 1852-லும் ஃபர்மான் என்னும் அரசாணை போட்டு, இருந்தது இருந்தபடியே இருக்கட்டும், யாரும் எதையும் நகர்த்தக் கூடாது என்று நிறுத்தினார்கள். 1878 பெர்லின் ஒப்பந்தத்தில் ஐரோப்பிய நாடுகளும் அதை ஏற்றன. கோயில் முகப்பின் ஜன்னலுக்குக் கீழே ஒரு மர ஏணி 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது, யாருக்கு அதை எடுக்க உரிமை என்று முடிவாகாததால். 2002-ல் கூரையில் ஒரு காப்டிக் துறவி வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியர்கள் அதை எல்லை மீறலாக எடுத்துக்கொண்டார்கள், சண்டையில் 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிரிக்கலாம். ஆனால் அந்த முறை அவ்வளவு கறாராக இருப்பதால்தான் அது ஓடுகிறது. எது யாருடையது என்று அங்கே தெளிவு உண்டு, கதவுச் சாவி எந்தச் சபையிடமும் இல்லாமல் இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது.

கோயில் மலைக்கு அப்படி எந்த ஃபர்மானும் கிடையாது. உதுமானியர் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முஸ்லிம் அல்லாதவர் மேலே ஏறவே முடியாது, கிரிமியப் போருக்குப் பிறகுதான் அனுமதிச்சீட்டோடு விட ஆரம்பித்தார்கள். யூதர்கள் கீழே சுவரோரம் ஒரு குறுகிய சந்தில் நின்று ஜெபிக்கலாம், அதுவும் சலுகையாக.

1928-ல் பாவ நிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் அன்று யூதர்கள் அந்தச் சந்தில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க ஒரு திரையை நிறுத்தினார்கள். சந்து வக்ஃபுக்கு (முஸ்லிம் அறக்கட்டளைக்கு) சொந்தம், அங்கே நிரந்தரமாக எதையும் வைத்தால் அடுத்தது ஜெபக்கூடம் கட்டுவார்கள் என்று முஸ்லிம் தரப்பு புகார் செய்தது, அப்போது ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷாரின் போலீஸ் வந்து வழிபாட்டின் நடுவிலேயே திரையைப் பிடுங்கியது. ஒரு வருடம் புகைந்து 1929 ஆகஸ்டில் கலவரம் வெடித்தபோது 133 யூதர்களும் 116 அரபுகளும் செத்தார்கள். அப்புறம் ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து நாட்டவர் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்து, சுவரும் முன்னால் உள்ள நடைபாதையும் முஸ்லிம் வக்ஃபின் சொத்து, யூதர்களுக்கு எப்போதும் வந்து வேண்டும் உரிமை உண்டு, ஆனால் பெஞ்சு, நாற்காலி, திரை கூடாது, ஆட்டுக்கடாக் கொம்பு ஊதக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. 1931-ல் அது சட்டமே ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு யோம் கிப்பூர் முடிவிலும் யாராவது ஒரு யூத இளைஞன் கொம்பை ஒளித்து எடுத்துப் போய் ஊதிவிட்டு ஜெயிலுக்குப் போவது வருடாந்திர வழக்கமாகிவிட்டது.

அந்தக் குழுவின் தீர்ப்பைக் கவனித்தால் ஒன்று தெரியும்: சொத்து ஒருவருக்கு, வழிபாடு இன்னொருவருக்கு என்று இரண்டையும் பிரிக்கப் பார்த்தார்கள். காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒரு நாற்காலி போதும், வழிபாடு எங்கே முடிந்து சொத்து எங்கே ஆரம்பிக்கிறது என்ற கேள்வி கிளம்பிவிடும்.

1948 போரில் பழைய நகரம் ஜோர்டான் கைக்குப் போனது. 1949 ஏப்ரலில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் எட்டாவது பிரிவில் புனித இடங்களுக்குப் போய்வர வழி செய்வதாக எழுதியிருந்தார்கள். 19 வருடம் அது எழுத்திலேயே கிடந்தது. இஸ்ரேலிலிருந்து ஒரு யூதர்கூடச் சுவருக்குப் போக முடியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இஸ்ரேல் தரப்பில் சாதாரண, மதப்பற்று அதிகமில்லாத மக்களுக்கும்கூட இன்றும் இருக்கிற பயத்தின் வேர் இங்கே இருக்கிறது. சாவி வேறு யார் கையிலாவது போனால் நமக்கு வழி அடைபடும், எழுதிக் கொடுத்தாலும் அடைபடும் என்ற பயம். பாலஸ்தீனர்களிடமும் இதே பயம் இருக்கிறது, அதற்கும் ஆதாரம் இருக்கிறது, வருகிறேன்.

1967 ஜூன் 7 காலையில் இஸ்ரேல் பாராசூட் படை மலைக்குள் நுழைந்தது. தங்கக் குவிமாடத்தின் மேல் கொடி ஏற்றினார்கள். தூரத்து மலையிலிருந்து பைனாகுலரில் பார்த்த பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் உடனே இறக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து ஜூன் 17 அன்று பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து வக்ஃபு பெரியவர்களோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். உள் நிர்வாகம் வக்ஃபிடம், வெளிப் பாதுகாப்பு இஸ்ரேலிடம், யூதர்கள் உள்ளே வந்து பார்க்கலாம், ஆனால் ஜெபிக்கக் கூடாது. ஜெபிக்க கீழே சுவர் இருக்கிறது. கையெழுத்து இல்லை, ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. வாசல்களில் ஒன்றான முக்ராபி வாசலின் சாவியை மட்டும் 1967-லேயே இஸ்ரேல் எடுத்துக்கொண்டது. இன்றும் முஸ்லிம் அல்லாதவர் நுழைய அது ஒன்றுதான் வழி.

தயான் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் முன்னால், ஜூன் 10 இரவு, சுவருக்கு எதிரே இருந்த முக்ராபி குடியிருப்பை புல்டோசர் விட்டு இடித்தார்கள். சுல்தான் சலாஹுத்தீனின் மகன் 1193 வாக்கில் மக்ரிப் என்னும் வட ஆப்பிரிக்கப் பகுதி முஸ்லிம்களுக்கு வக்ஃபாகக் கொடுத்த தெரு அது. சுமார் 135 வீடுகள், சாமான் எடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. இன்று மேற்குச் சுவருக்கு முன்னால் படத்தில் பார்க்கிற விசாலமான மைதானம் அப்படித்தான் வந்தது. ஆக 'இருந்தது இருந்தபடி' என்பதே ஒரு பெரிய மாற்றத்தைச் செய்து முடித்த பிறகு அறிவித்த ஒன்று.

தயானுக்கு இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அன்றைய யூத மதத் தலைவர்களே மேலே ஏறுவதைத் தடுத்தார்கள். ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாது, தெரியாமல் மிதித்துவிட்டால் பெரும்பாவம். அதோடு பிணத் தீட்டு நீங்க சிவப்புக் கிடாரியின் சாம்பல் வேண்டும் என்று எண்ணாகமம் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது, அந்தக் கிடாரி இல்லை. அதனால் தலைமை ரபிகள் வாசலில் போர்டே வைத்தார்கள்: தோரா சட்டப்படி உள்ளே நுழையக் கூடாது என்று. கறுப்புக் கோட்டு அணிந்த, மரபில் மிகக் கறாரான ஹரேதி யூதர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் மேலே போவதில்லை, போகிறவர்களைத் திட்டுகிறார்கள். இதைப் படிக்கும்போது யூதர் எதிர் முஸ்லிம் என்று நேர்கோடு போட்டுப் பார்க்கிற பழக்கம் கொஞ்சம் தளரும் என்று நினைக்கிறேன்.

அந்த ரபிகள் தடை 1990-களில் தேசியவாத மத யூதர்களிடம் உடைய ஆரம்பித்தது. ஜோர்டானிடமிருந்து 1967-ல் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் உள்ள யூதக் குடியேற்றங்களின் ரபிகள் கவுன்சில் 1996-ல், சில ஓரப் பகுதிகளில் மட்டும், முழுக்குச் சடங்கு முடித்துவிட்டு ஏறலாம் என்றது. பாலஸ்தீனர்களோடு நடந்த ஓஸ்லோ சமாதானப் பேச்சுவார்த்தையில் மலையைக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. நாம் போகாமல் இருந்தால் நம்முடையது இல்லை என்று ஆகிவிடும், எனவே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கு. பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் பக்தி மட்டும் என்றால் அந்த ஆண்டில் அந்த மாற்றம் வந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1967-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம் போட்ட புனித இடப் பாதுகாப்புச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் தடையில்லாமல் வந்துபோகும் உரிமை தருகிறது. யூதர்களுக்கு அங்கே வழிபடக் கொள்கை அளவில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, பொது அமைதி கெடும் என்று போலீஸ் கருதினால் தடுக்கலாம் என்று முடித்துவிடும். ஒரு உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது போலீஸ் கமிஷனர் கையில். 2021 அக்டோபரில் ஒரு கீழ்க்கோர்ட் நீதிபதி, வாய்க்குள் முணுமுணுக்கிற ஜெபம் குற்றமாகாது என்று தீர்ப்பு சொன்னதும் உலகம் முழுக்க அலறல், சில நாளில் மேல்கோர்ட் அதை ரத்து செய்தது. நீதிமன்றம் தீர்த்துவைக்காது என்பது அப்போதே தெரிந்துபோயிற்று, தீர்த்துவைக்க அதற்கு விருப்பமும் இல்லை.

வெளியுறவுப் பக்கம் ஜோர்டான். 1951-ல் மன்னர் முதலாம் அப்துல்லாவைச் சுட்டுக் கொன்றதே அல்-அக்ஸா வாசலில்தான். மேற்குக் கரை மீதான உரிமையை 1988-ல் ஜோர்டான் விட்டுக்கொடுத்தபோதும் ஜெருசலேம் வக்ஃபை விடவில்லை, ஊழியர்களுக்குச் சம்பளம் இன்றும் ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்துதான் வருகிறது. 1994 சமாதான ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவில் முஸ்லிம் புனித இடங்களில் ஜோர்டானின் 'சிறப்புப் பங்கை' மதிப்பதாக இஸ்ரேல் எழுதிக் கொடுத்தது. அந்தப் பங்கு என்ன, எதுவரை என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. தெளிவில்லாமல் எழுதியதால்தான் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன, தெளிவில்லாததால்தான் ஒவ்வொரு முறையும் தூதரை அழைத்துக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

உண்மையில் பழைய நடைமுறை முறிந்த ஆண்டு 2000. ஜூலையில் இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் நடத்திய கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தை இந்த மலையில்தான் முட்டி நின்றது. மேல்தளம் ஒருவருக்கு, நிலத்துக்கு அடியில் இன்னொருவருக்கு என்றெல்லாம் யோசனை வைத்தார்கள், பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத் இங்கே யூத ஆலயமே இருந்ததில்லை என்று பேசினார். (இருந்தது என்பதில் வரலாற்று ஆய்வாளர்களுக்கு ஐயமில்லை. இந்த மறுப்பு பாலஸ்தீனத் தரப்புக்கு ஒரு பைசா லாபமும் தரவில்லை.) செப்டம்பர் 28 அன்று இஸ்ரேல் எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் நூற்றுக்கணக்கான போலீஸ் சூழ மலைக்கு வந்துபோனார். அடுத்த நாள் துப்பாக்கிச் சூடு, அப்படியே இரண்டாவது இன்திஃபாதா என்னும் பாலஸ்தீன எழுச்சி. மலை முஸ்லிம் அல்லாதவருக்கு மூன்று வருடம் மூடிக் கிடந்தது.

2000-க்கு முன்னால் சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட் கொடுத்தது வக்ஃபு. யார் வரலாம், எப்படி உடுத்தி வரலாம், எந்தக் கட்டடத்துக்குள் போகலாம் என்பதில் அவர்களுக்குச் சொல் இருந்தது. 2003 ஆகஸ்டில் திறந்தபோது இஸ்ரேல் போலீஸ் தன் முடிவில் திறந்தது. டிக்கெட் போயிற்று, வக்ஃபின் சம்மதமும் போயிற்று. ஞாயிறு முதல் வியாழன் வரை, காலையில் சில மணி நேரம், மதியம் சுமார் ஒரு மணி நேரம், முக்ராபி வாசல் வழியாக மட்டும். குவிமாடத்துக்குள்ளும் பள்ளிக்குள்ளும் வெளியாருக்கு இடமில்லை. செய்தியில் பெரிதாக வராத மாற்றம் இது, ஆனால் என் பார்வையில் 1967-க்குப் பிறகு நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். அதுவரை விருந்தாளியாக வந்தவர், இப்போது வீட்டுக்காரரைக் கேட்காமல் வருகிறார். நம் ஊரிலிருந்து புனிதப் பயணம் போகும் கிறிஸ்தவர்களும், தமிழ்நாடு அரசு மானியத்தில் போகிறவர்கள் உட்பட, மலையைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த வாசலில்தான் வரிசையில் நிற்க வேண்டும். கையில் பைபிள் இருந்தால் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று வழிகாட்டிகள் முன்கூட்டியே எச்சரிப்பதும் இதனால்தான்.

2015 அக்டோபரில், கத்திக்குத்துகளும் மோதல்களும் உச்சத்தில் இருந்தபோது, இஸ்ரேல் பிரதமர் நெதன்யாஹு தெளிவாகவே அறிவித்தார்: கோயில் மலையில் முஸ்லிம்கள் தொழுவார்கள், முஸ்லிம் அல்லாதவர் பார்வையிடுவார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி முன்னின்று, வளாகத்தில் 24 மணி நேரக் கேமரா வைக்க ஜோர்டானும் இஸ்ரேலும் ஒப்புக்கொண்டன. அந்தப் படம் நம்மைக் கைது செய்யத்தான் பயன்படும் என்று பாலஸ்தீனர்கள் மறுத்ததால் 2016 ஏப்ரலில் ஜோர்டான் கைவிட்டது. நெதன்யாஹுவின் அந்த வாக்கியம் இன்றும் அதிகாரபூர்வக் கொள்கை.

நடப்பது வேறு. முன்பு யூதப் பார்வையாளர் உதடு அசைத்தாலே போலீஸ் வெளியே தள்ளும். கொஞ்ச வருடமாக வளாகத்தின் கிழக்கு ஓரத்தில் சிறு குழுக்கள் நின்று சத்தமில்லாமல் ஜெபிப்பதை அதே போலீஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு சத்தமும் வந்தது, தரையில் விழுந்து வணங்குவதும் வந்தது. மேலே ஏறும் யூதர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டிவிட்டது. போலீஸ் துறையைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர் இதமார் பென்-க்விர் 2023 ஜனவரியில் பதவியேற்ற கையோடு மலைக்குப் போனார், 2024 ஆகஸ்டில் இங்கே யூதர்கள் ஜெபிப்பதுதான் எங்கள் கொள்கை என்றார், 2025 ஆகஸ்ட் 3 அன்று, ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் திஷா பஆவ் நாளில், தானே நின்று ஜெபம் நடத்தினார். ஒவ்வொரு முறையும் சில மணி நேரத்தில் பிரதமர் அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை வரும்: ஸ்டேட்டஸ் கோவில் மாற்றமில்லை. அறிக்கையில் மாற்றமில்லை என்பது உண்மைதான்.

"ஒருவர் தன் கடவுளைக் கும்பிடுவதில் என்னய்யா தப்பு?" என்ற கேள்வி இந்த இடத்தில் வரும், வர வேண்டிய கேள்வியும்தான். தனியாக எடுத்தால் பதில் சொல்ல முடியாது, தப்பே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் வாசலில் இன்னொரு வரிசையைப் பார்ப்பதில்லை. மேற்குக் கரையில் இருக்கும் முஸ்லிம், அரை மணி நேரத் தூரத்தில் இருந்தாலும், அனுமதி அட்டை இல்லாமல் ஜெருசலேமுக்குள் வர முடியாது. 2024 ரமலானில் மேற்குக் கரை ஆண்கள் 55 வயதுக்கு மேல், பெண்கள் 50-க்கு மேல், குழந்தைகள் 10-க்குள் என்று வரம்பு. காஸாவில் இருப்பவருக்கு 2007 முதல் அநேகமாகக் கதவே இல்லை. ஜெருசலேமிலேயே இருப்பவர்களுக்கு, பதற்றம் என்றால் ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ள ஆண்கள் திரும்பிப் போங்கள் என்று வாசலில் சொல்லிவிடுவார்கள். வழிபாட்டு உரிமை என்று பேசினால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். எண்ணிக்கையில் பார்த்தால் தடுக்கப்படுகிறவர்களில் மிகப் பெரிய கூட்டம் இவர்கள்தான்.

வக்ஃபு தரப்பிலும் கைசுத்தம் என்று சொல்ல முடியாது. மேடைக்கு அடியில் சாலொமோன் குதிரை லாயம் என்று பெயர் பெற்ற மண்டபத்தை 1996-ல் தொழுகைக் கூடமாக மாற்றினார்கள். 1999-ல் அதற்குப் பெரிய வாசல் வெட்ட, தொல்லியலாளர் யாரும் பக்கத்தில் இல்லாமல் இயந்திரம் வைத்துத் தோண்டி லாரி லாரியாக மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். உலகிலேயே அதிகம் பேசப்படும் தொல்லியல் மேட்டில் இப்படிச் செய்தது மன்னிக்க முடியாத வேலை. அந்த மண்ணைப் பிற்பாடு இஸ்ரேல் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களோடு வருடக்கணக்கில் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே 1996-ல் இஸ்ரேல் மேற்குச் சுவர் சுரங்கத்துக்கு ஒரு வெளிவாசல் திறக்க, அதற்கு எழுந்த கலவரத்தில் இரு பக்கமும் சேர்த்துப் பல பத்து உயிர்கள் போயின.

பாலஸ்தீனர்களின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்றேனே, அது மேற்குக் கரை நகரமான ஹெப்ரோன். ஆபிரகாம், சாராள், ஈசாக்கு, யாக்கோபு முதலானோர் அடக்கம் செய்யப்பட்ட குகை என்று இரு மதமும் நம்பும் இடம், முஸ்லிம்களுக்கு இப்ராஹிமி பள்ளி. 1267 முதல் எழுநூறு வருடம் யூதர்கள் வெளிப்படிக்கட்டில் ஏழாவது படிக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்திருந்தார்கள், அந்த ஏழாவது படியை யூதர்கள் மறக்கவில்லை. 1967-க்குப் பிறகு நேரம் பிரித்து இருவரும் வழிபட்டார்கள். 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் வெள்ளி அதிகாலையில், ஒரு யூதக் குடியேற்றக்காரர் ராணுவ உடையில் உள்ளே வந்து தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகு கட்டடத்தையே இரண்டாகத் தடுத்தார்கள். சுட்டது எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லாமல் போய், விளைவில் ஒரு பெரும் பகுதி முஸ்லிம்களின் கையை விட்டுப் போயிற்று. வருடத்தில் பத்து நாள் முழுக் கட்டடமும் ஒருவருக்கு, பத்து நாள் மற்றவருக்கு. சாதாரண நாள்களில் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அல்-அக்ஸாவில் ஒரு குழு சத்தமில்லாமல் ஜெபிக்கும்போது பாலஸ்தீனர் பார்ப்பது அந்தக் குழுவை அல்ல, ஹெப்ரோனை. முதலில் பார்வையாளர், அப்புறம் நேரம் பிரிப்பு, அப்புறம் இடம் பிரிப்பு. மலையில் ஆலயம் கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் இயக்கங்கள் இருக்கும்போது, பஸ்கா பண்டிகைக்குப் பலி கொடுக்க வருடந்தோறும் ஆட்டுக்குட்டியை ஒளித்து மலைக்குக் கொண்டுபோகப் பார்த்துப் போலீஸில் சிக்குகிறவர்கள் இருக்கும்போது, இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. இதே அச்சத்தை ஆயுதமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கு ஹமாஸ் வைத்த பெயரே 'அல்-அக்ஸா வெள்ளம்'.

சம்மதத்தோடு எதுவும் நடக்காதா என்றால், பக்கத்திலேயே நடந்திருக்கிறது. திருக்கல்லறையின் மேல் இருக்கும் சிறு மண்டபம் இடிந்து விழும் நிலையில் பல பத்தாண்டு இரும்புச் சட்டத்தில் நின்றுகொண்டிருந்தது, யார் சரிசெய்வது என்று கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, ஆர்மீனிய சபைகள் மூன்றுக்கும் ஒத்துப்போகவில்லை. 2015-ல் ஆபத்து என்று போலீஸ் சில மணி நேரம் மூடியதும் மூன்று பேரும் பதறிப்போய் 2016-ல் கையெழுத்துப் போட்டார்கள், ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு வேலை செய்து 2017 மார்ச்சில் முடித்துவிட்டது. மூவருக்கும் பொதுவாக ஒரு பயம் இருந்தது, அதோடு மண்டபம் சரியாவதால் யாருடைய பாத்தியமும் கூடவோ குறையவோ இல்லை. மலையில் அப்படி ஒரு வேலையைக்கூடக் காட்ட முடியவில்லை. முக்ராபி வாசலுக்கு ஏறும் மண் சரிவு 2004-ல் பனியில் சரிந்தது, தற்காலிகமாக ஒரு மரப்பாலம் போட்டார்கள். நிரந்தரமாகக் கட்ட 2007-ல் தோண்டியதும் ஜோர்டான் முதல் துருக்கி வரை எதிர்ப்பு. இருபது வருடம் தாண்டியும் அந்தத் தற்காலிகப் பாலத்தில்தான் ஏறுகிறார்கள், பொறியாளர்கள் அது பாதுகாப்பில்லை என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்து எப்போது வெடிக்கும் என்று கேட்டால் நாள்காட்டியைப் பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். 2022-லும் 2023-லும் ரமலானும் பஸ்காவும் ஒன்றாக வந்தன, இரண்டு ஆண்டும் ஏப்ரலில் போலீஸ் பள்ளிக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானவரைப் பிடித்தது. 2021-ல் ரமலானின் கடைசிப் பத்தும் இஸ்ரேல் கொண்டாடும் ஜெருசலேம் தினமும் மோதின, அது காஸாவில் 11 நாள் போராக முடிந்தது. ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் இப்போது பஸ்காவை விட்டு விலகிக் குளிர்காலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் திஷா பஆவ் ஒவ்வொரு கோடையிலும் வரும், அன்று மேலே ஏறும் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெரிதாகிறது. 2030-களின் பிற்பகுதியில் ரமலான் செப்டம்பர், அக்டோபர் பக்கம் வரும்போது யூதர்களின் புத்தாண்டு, யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகை மூன்றோடும் சேர்ந்து வரும். அதற்குள் வாசலில் யார் நிற்பார்கள், வக்ஃபு ஆளா போலீஸா என்பது இப்போது நடக்கிற இந்தச் சின்னச் சின்ன நகர்வுகளில்தான் முடிவாகிக்கொண்டிருக்கிறது.